ஆளுமை இருபது வயதோடு முடிவாகிவிடுமா? ஐம்பதில் அப்பா ஏன் மாறுகிறார்?

முடிவாகாது. பலரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள், பொறுப்புணர்வும் மனநிதானமும் நடுவயதுவரை பொதுவாகக் கூடிக்கொண்டே போவதைக் காட்டுகின்றன. ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு வேலை போனதிலிருந்து அப்பா எரிந்து விழுகிறார், திடீரென்று புதுப் புது வேலைகளில் இறங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பிறகு இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், இது எனக்கு நன்றாகத் தெரிந்த கதை.

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட நூலில் வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். கைக்குழந்தைக்கு, இந்த உலகத்தை நம்பலாமா என்பதுதான் போராட்டம். முதுமையில், வாழ்ந்த வாழ்க்கையை ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்பது. ஒன்றில் தோற்றால் எல்லாம் போச்சு என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சம் அவநம்பிக்கையும் பிள்ளைக்கு வேண்டும், நம்பிக்கை தூக்கலாக இருந்தால் சரி என்பதே அவர் கருத்து.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை, ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் வேர்விடும் காலம். தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவனாக இருந்த பிள்ளை அடுத்த வருடம் இடைநிலைப்பள்ளியில், முதல் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பில் மலாய்மொழிப் பாடங்களுக்கு நடுவே உட்காரும். கணக்குக்கு விடை தெரியும். அதை மலாயில் சொல்லத் தெரியாததால் கை மேசைக்கு மேலே வராது. அப்படியே ‘நமக்குப் படிப்பு வராது’ என்று முடிவு கட்டிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவு பிள்ளையின் குணம் இல்லை, சூழல் அதன் மேல் ஏற்றிவைத்தது.

உங்கள் கேள்விக்கு விடை இருப்பது அடுத்த பருவத்தில். பதின்ம வயதில் ‘நான் யார்’ என்று தேடிப் பார்க்க சமூகம் பிள்ளைகளுக்கு ஓர் அவகாசம் தருகிறது என்றார் எரிக்சன். நம் தோட்டங்களில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது? பள்ளி விடுமுறையில் அம்மாவுக்கு மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) துடைக்கப் போன பையன், படிப்பு நின்றதும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய் நின்றான். அப்பா பால் வெட்டிய மரவரிசையான நிரை அவனுக்கு வந்தது. தேடாமலேயே கைக்கு வந்த இப்படிப்பட்ட அடையாளத்தை, 1966இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் தனி வகையாகவே பிரித்துக் காட்டினார். தோட்டம் இருந்தவரை அது அவனைத் தாங்கியது. ரப்பர் மரத்தை வெட்டி வீடமைப்புத் திட்டம் வந்ததும் வேலை, வீடு, ‘பால்வெட்டுக்காரர்’ என்ற பெயர் மூன்றும் சேர்ந்தே போயின.

என் சித்தப்பாவுக்கும் இதுதான் நடந்தது. நாற்பது தாண்டிய பிறகு பட்டணத்துப் பட்டறையில் வெல்டிங் பழகப் போனார். “இந்த வயசுல நோட்டுப் புஸ்தகமும் அடிமட்டமும் வாங்கிட்டு வர்றாருப்பா, என்னான்னு கேளு” என்று சித்தி என்னிடம் முறையிட்டார். அந்த நோட்டில் பென்சிலால் கேட் வரைந்து, அளவு எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தார். பதினாறு வயதில் தேடிப் பார்த்திருக்க வேண்டியதை அவர் அப்போதுதான் தேடிக்கொண்டிருந்தார். பாடப்புத்தகத்தில் பருவத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் வயதை நம்மவர்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நடுவயதின் இன்னொரு தேவை, அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுப்பது. சித்தப்பாவின் கோபம் தணிந்தது சம்பளம் வந்தபோது இல்லை; பட்டறைக்குப் புதிதாக வந்த பையன்கள் அவரிடம் கேட்டுக் கேட்டு வேலை பழகத் தொடங்கிய பிறகுதான்.

அதனால் அப்பாவை ‘வயசான காலத்தில் கிறுக்கு’ என்று ஒதுக்காதீர்கள். அவர் எடுக்கும் புது வேலைக்குக் கொஞ்சம் பணமும் நிறையப் பொறுமையும் கொடுங்கள். எந்த நிரையை வெட்டினார், பால் வெட்ட முடியாத மழைக்காலத்தில் வீட்டை எப்படி ஓட்டினார் என்று உட்கார்ந்து கேளுங்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். குடி அதிகமாகி, தூக்கமும் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்று பேசினால் மட்டும் காத்திருக்காமல் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்; அது பருவ மாற்றம் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம்.