காகித ஆலைக் கசடுக்கான புதிய முறைகளில் எதை நம்பலாம்?

காகித ஆலையின் கழிவுநீர்க் கசடைக் கையாள இப்போது வந்துள்ள முறைகளில் எது உண்மையில் பயன் தரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்: கசடிலுள்ள தண்ணீரை ஆவியாக்காமலேயே வெளியேற்றும் முறைக்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

80 சதவீத ஈரமுள்ள கசடில் ஒரு கிலோ திடப்பொருளுக்கு நான்கு கிலோ தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.3 மெகாஜூல் வெப்பம் வேண்டும். கசடில் எரியாத களிமண்ணும் கால்சியம் கார்பனேட்டும் மிகுந்திருந்தால், அதை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி அதன் ஈரத்தைப் போக்குவதற்கே செலவாகிவிடும். அதே கசடைப் பிழிந்து ஈரத்தை 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், நான்கு கிலோ தண்ணீர் ஒன்றரை கிலோவாகக் குறைந்துவிடும்.

ஆனால் எல்லாக் கசடும் ஒன்றுபோலப் பிழிபடுவதில்லை. கழிவுநீரில் உள்ள நாரும் துகள்களும் படியும் முதல்நிலைத் தொட்டியின் கசடை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் தண்ணீர் வடிந்து, நார் திரண்ட கட்டி கையில் நிற்கும். நுண்ணுயிரிகளால் நீரைச் சுத்திகரிக்கும் உயிரியல் தொட்டியின் கசடோ விரலிடுக்குகளில் வழுக்கிக்கொண்டு வெளியேறும். நுண்ணுயிரிகள் சுரக்கும் பசை போன்ற பொருள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதே இதற்குக் காரணம். இரண்டையும் கலந்து பிழியும்போது நார்தான் தண்ணீர் வடிய வழிவிடுகிறது. ஆகையால், நாரை மீட்டு அட்டை தயாரிப்புக்குத் திருப்பி அனுப்புவது நல்ல காரியமே என்றாலும், எஞ்சும் கசடைப் பிழிவது அதனால் மேலும் கடினமாகிறது.

இந்தச் சிக்கலுக்கு நேரடியாக விடை தருவது நீர்வெப்பக் கரியாக்கம் என்பது என் மதிப்பீடு. தண்ணீர் கொதித்து ஆவியாகாதபடி உயர் அழுத்தத்தில், சுமார் 180 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை கசடைச் சூடாக்கும்போது அந்தப் பசை சிதைந்து, செல்கள் உடைகின்றன. அதன்பின் சாதாரண வடிகட்டி அழுத்தியிலேயே தண்ணீர் பிரிந்து, எரிக்கத்தக்க கரி கிடைக்கிறது. குறை என்னவென்றால், பிரியும் நீரில் கரைந்த கரிமப் பொருள் மிக அதிகம். அது மீண்டும் சுத்திகரிப்பு நிலையத்தின் மீதே சுமையாக விழும். பின்லாந்தின் ஹெய்னோலாவில் ஒரு காகித ஆலையில் நிறுவப்பட்ட அமைப்பு, அந்த நீரிலுள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனால் ஆக்சிஜனேற்றம் செய்து, அதில் பிறக்கும் வெப்பத்தைக் கரியாக்கத்துக்கே பயன்படுத்தும்படி வடிவமைக்கப்பட்டது. மிகச் சிறந்த ஏற்பாடு அது.

காற்றில்லாத கலனில் நுண்ணுயிரிகள் கசடைச் சிதைத்து மீத்தேன் எரிவாயு தரும் காற்றில்லாச் செரிமானத்தை இரண்டாம் இடத்தில் வைப்பேன். கசடிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் எளிதில் செரிக்காது; சுமார் 165 டிகிரியில் அரைமணி நேரம் முன்சூடாக்கினால் செல்கள் உடைந்து மீத்தேன் கூடும், ஆனால் கிராஃப்ட் ஆலைக் (கந்தகச் சேர்மங்களைக் கொண்டு மரக்கூழ் தயாரிக்கும் ஆலை) கசடின் கந்தகத்தால் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவை நீக்கியாக வேண்டும்.

எந்த முறையைப் பரிசீலித்தாலும், அதை விற்பவரிடம் உங்கள் ஆலையின் உயிரியல் கசடை மட்டும் தனியாகக் கொடுத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழிந்தபின் எஞ்சும் ஈரம் எவ்வளவு, பிரிந்த நீரின் சிஓடி (கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) எவ்வளவு, அந்த நீர் எங்கே போகும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.