ஈஸ்டருக்கும் வசந்த சம இரவு நாளுக்கும் கெல்டிய வேர் உண்டா?

ஈஸ்டர் முட்டையும் முயலும், மார்ச் மாதத்துச் சம இரவு நாள் வழிபாடும் அயர்லாந்து, வேல்ஸ் போன்ற பகுதிகளில் வாழ்ந்த பண்டைய மக்களான கெல்டியரின் பழைய பேகன் (கிறித்தவத்துக்கு முந்தைய) சமயத்திலிருந்து வந்தவையா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆதாரங்களைத் தேடிப் படித்தபின், பெரும்பாலும் இல்லை என்றே சொல்வேன்.

இடைக்கால ஐரிஷ் நூல்கள் ஆண்டைப் பகுக்கும் விழாக்களாகச் சவின், இம்போல்க், பெல்டனா, லூனசா என நான்கைக் கூறுகின்றன. நவம்பர், பிப்ரவரி, மே, ஆகஸ்ட் மாதங்களின் தொடக்கத்தில் வரும் இவை மேய்ச்சலையும் அறுவடையையும் ஒட்டியவை. பகலும் இரவும் சமமாகும் நாளுக்கு அவற்றிடையே இடமில்லை. அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் லாக்ரூ குன்றின் மேலுள்ள கற்கல்லறைக்குள், சம இரவு நாளையொட்டிய விடியலில் கதிரொளி புகுந்து, பின்சுவரில் சூரியனைப் போலச் செதுக்கிய உருவங்களின் மீது நகர்வது உண்மைதான். ஆனால் அதை எழுப்பியவர்கள் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதிய கற்கால உழவர்கள். கெல்டிய மொழி அத்தீவை அடைந்தது அதற்கு நெடுங்காலத்துக்குப் பின்னர்தான்.

அடுத்து, எயோஸ்ட்ரே என்ற தெய்வம். வட இங்கிலாந்தின் பழைய அரசான நார்த்தம்பிரியாவைச் சேர்ந்த துறவி பீட், 725-இல் காலக்கணக்கு பற்றி எழுதிய நூலில், ஆங்கிலேயர் ஒரு மாதத்தை அவள் பெயரால் அழைத்து விழா எடுத்ததாக ஓரிரு வரிகளில் குறிப்பிடுகிறார். அவளைப் பற்றி எழுத்தில் நமக்குக் கிடைப்பது அவ்வளவே. அதில் முட்டையும் இல்லை, முயலும் இல்லை, கெல்டியரும் இல்லை. 1835-இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம், ஜெர்மானியருக்கும் 'ஓஸ்டாரா' என்றொரு தெய்வம் இருந்திருக்க வேண்டும் என ஊகித்தார். முயல் அவளுக்கு உரியதாக இருக்கலாம் என்பது 1874-இல் அடால்ஃப் ஹோல்ட்ஸ்மன் அதன்மேல் ஏற்றிய இன்னோர் ஊகம். பழைய பேகன் சமயங்களை இன்று புதுப்பித்துப் பின்பற்றும் நவபேகன்கள் சம இரவு விழாவுக்கு இட்டிருக்கும் ஓஸ்டாரா என்ற பெயரோ, 1970-களில் அமெரிக்கரான ஐடன் கெல்லி சூட்டியது. புதிய விழா என்பதாலேயே அது பொய்யான விழா ஆகிவிடாது. அதற்குத் தொன்மை கற்பிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று மொழியில் இருக்கிறது. 'ஈஸ்டர்' என்ற பெயர் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உரியது. கெல்டிய மொழிகளான வெல்ஷில் இப்பண்டிகை 'பாஸ்க்', ஐரிஷில் 'காஷ்க்'. இரண்டும் யூதர்களின் பெஸாக் விழாப் பெயரிலிருந்து லத்தீன் வழியாக வந்தவை. தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் 'பாஸ்கா'வுக்கும் அதுவே மூலம்.

முட்டைக்கு விளக்கம் எளிது. இடைக்கால ஐரோப்பாவில் தவக்கால நாற்பது நாட்களும் முட்டை விலக்கப்பட்டிருந்தது. கோழிகளோ நிறுத்தாமல் இட்டுக்கொண்டிருந்தன. அப்படிச் சேர்ந்த முட்டைகள், தவக்காலம் முடியும் ஈஸ்டருக்கு உணவாயின. 1290-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், ஈஸ்டருக்கான 450 முட்டைகளுக்குப் பதினெட்டுப் பென்ஸ் செலவு எழுதப்பட்டிருக்கிறது.