ஐந்து விநாடிக்கு ஒரு மரம்

கேள்வி: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், நெடுஞ்சாலை விளம்பரப் பலகையை மறைக்கும் மரங்களை அனுமதி பெற்று வெட்டலாம். முறைப்படி உரிமம் வாங்கிப் பலகை வைத்தவருக்கு இந்த உரிமைகூடக் கூடாதா? எதற்கு இத்தனை எதிர்ப்பு?

பதில்: அவர் உரிமம் வாங்கியது பலகை நிறுத்த. போகிற வருகிறவர் கண்ணுக்கும் சேர்த்தா வாங்கினார்? மரம் நிற்பதோ சாலையோர அரசு நிலத்தில். அடுத்தவர் மரம் என் கடைப் பெயரை மறைக்கிறது என்று நான் அரிவாளோடு போனால் சும்மா விடுவார்களா?

'கிளையைத்தானே கழிக்கிறார்கள்' என்பீர்கள். அந்தச் சட்டத்தில் கவாத்து மட்டுமில்லை, அடியோடு எடுப்பதும் உண்டு. பலகைக்கு முன்னால் 'பார்வை மண்டலம்' என்று அளந்தே வைத்திருக்கிறார்கள்: வேக வரம்பு மணிக்கு 35 மைலுக்குள் என்றால் 350 அடி, அதைத் தாண்டினால் 500 அடி. 65 மைல் வேகத்தில் போகிற கார் அந்த 500 அடியை ஐந்தே விநாடியில் கடந்துவிடும். முப்பது வருடம் வளர்ந்த மரம், ஐந்து விநாடிப் பார்வைக்குப் பலி.

இன்னொரு விதி இதைவிட வேடிக்கை. பலகை முதலில் வந்துவிட்டால், பிறகு வரும் அழகுபடுத்தும் திட்டம் எதுவும் அந்த மண்டலத்தில் பலகையை மறைக்கக்கூடிய மரம் நடக்கூடாது. தன் நிலத்தில் செடி வைக்க நெடுஞ்சாலைத் துறை பலகையின் முகம் பார்க்க வேண்டும்! 1965-ல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் வந்ததே பலகைகளுக்குக் கடிவாளம் போடத்தான். சாலையோரம் 660 அடிக்குள் பலகைகளைக் கட்டுப்படுத்தாத மாநிலத்துக்கு மத்திய நெடுஞ்சாலை நிதியில் 10 சதவீதம் வெட்டு என்றது அது. கடைசியில் வெட்டு விழுந்தது மரத்தின் மேல்.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடாவில் மரத்தை வெட்டிப் புதிதாகப் பார்வை மண்டலம் உண்டாக்குகிறவர், இன்றைய விதிக்குப் பொருந்தாத பழைய பலகைகள் இரண்டையாவது கழற்றி, அவற்றின் உரிமத்தையும் ஒப்படைக்க வேண்டும். நல்ல பேரம்! ஒவ்வொரு வெட்டுக்கும் இந்த நிபந்தனையைப் போடட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

வெர்மான்ட் மாநிலம் 1968-லேயே சட்டம் போட்டு இந்தப் பலகைகளை ஒழித்துவிட்டது. கடைக்கும் விடுதிக்கும் வழிகாட்ட அங்கே அரசே சின்னச் சின்னப் பலகை வைக்கிறது. உங்கள் கேள்விக்கே அங்கு வேலையில்லை.