வயலை அடகு வைத்து வாங்கும் இடம் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகளுக்குக் கலந்தாய்வில் அரசுக் கல்லூரியின் மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு கிடைக்கக்கூடிய நிலையில், தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவை வாங்கிவிடலாம் என்று அவளுடைய பெரியப்பா வற்புறுத்துவதாகவும், அதற்காக வயலை அடகு வைக்க யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. அந்த யோசனை நியாயமானதல்ல. கணக்கிலும் மின்சாரத்திலும் நாட்டமுள்ள பெண்ணை ஊரார் மெச்சும் பெயருக்காக வேறு பக்கம் திருப்பக் கடன் வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.

மென்பொருள் வேலையைப் பற்றி உங்கள் உறவினர்களே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாத ஒரு துறையை நான் சொல்கிறேன். தூத்துக்குடி துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையமாக மத்திய அரசு தெரிவு செய்திருக்கிறது. சூரிய, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பதுதான் பசுமை ஹைட்ரஜன். 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். ஹைட்ரஜன் ஆலையைக் கட்டுவதற்கு ஆள் இருப்பார்கள். அதை எந்த நேரத்தில் ஓட்டினால் கட்டுப்படியாகும் என்று கணக்கிடுபவர்கள்தான் குறைவு.

மின்சந்தையில் ஒரு நாள் என்பது பதினைந்து நிமிடம் கொண்ட 96 கூறுகள். ஒவ்வொரு கூறிலும், கையிலுள்ள சூரிய, காற்றாலை மின்சாரத்தை விற்பதா, தண்ணீரைப் பிரிக்கும் கருவியான எலக்ட்ரோலைசரை ஓட்டி ஹைட்ரஜனாக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 55 யூனிட் செலவாகும். அதையே எரிபொருள் கலத்தில் மறுபடி மின்சாரமாக்கினால் 17 யூனிட் அளவுக்குத்தான் திரும்பும். நண்பகலில் யூனிட் 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மின்செலவு 110 ரூபாய். மாலையில் 6 ரூபாய்க்கு விற்றால் 102 ரூபாய்தான் வரும், 10 ரூபாய்க்கு விற்றால் 170 வரும். உர ஆலைக்கு நேரடியாகக் கொடுத்தால் கணக்கே வேறு. இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 9 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுவதால், தவிர்க்கும் கரியமில வாயுவுக்கு டன் ஒன்றுக்கு 1,000 ரூபாய் விலை கிடைத்தாலே பசுமை ஹைட்ரஜனுக்குக் கிலோவுக்கு 9 ரூபாய்க்கு மேல் சாதகம் சேரும். அப்படிக் குறைத்த உமிழ்வை விற்க வழிசெய்யும் கார்பன் வரவு வணிகத் திட்டத்தையும் இந்தியா 2023-இல் அறிவித்துவிட்டது. இந்த விலைகளையெல்லாம் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பில் வைத்து மிகுந்த ஆதாயம் தரும் விடையைக் காண்பதற்குப் பெயர் உகப்பாக்கம். அதற்கு வேண்டியவை மின் பொறியியலும் கணிதமும் பைத்தான் என்னும் நிரல் மொழியும்தான். பைத்தானை ஐ.ஐ.டி.க்களின் என்பிடெல் இணைய வகுப்புகளில் கட்டணமின்றியே கற்கலாம்.

இத்துறையில் இளங்கலை முடித்தவுடன் வேலை வரிசையில் நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். முதுகலைப் பொறியியலுக்கான கேட் நுழைவுத் தேர்வெழுதி எரிசக்தித் துறையில் முதுகலை சேர வேண்டியிருக்கும். அப்படிச் சேருவோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஹைட்ரஜன் தாமதமானாலும் மின் வணிகம், மின்சுமை மேலாண்மை, எரிசக்தித் தணிக்கை ஆகிய வழிகள் அதே படிப்புக்குத் திறந்தே இருக்கும்.

உங்கள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி என்கிறீர்கள். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேருவோருக்கே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் அதையும் இழப்பீர்கள். இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். விருப்பக் கல்லூரிப் பட்டியலை அவளே நிரப்பட்டும்.