இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் கண் செருகுகிறது என்ற நண்பருக்கு

வணக்கம். நூற்பாலையில் வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறுகிறது, இரவு வாரத்தில் பகல் தூக்கம் மூன்று மணி நேரத்தைத் தாண்டவில்லை, திரும்பும் வழியில் பைக்கில் கண் செருகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடையதைப் போலக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நானும் நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இரவு வேலை பார்த்தவன். ஒரு நாள் விடிகாலையில் திடுக்கிட்டுக் கண் விழித்தபோது முன்சக்கரம் சாலையோர மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பஸ்தான். உங்களுக்குப் பஸ் வசதி இல்லையென்றால், மில்லிலேயே இருபது நிமிடம் படுத்து எழுந்து, முகம் கழுவி, மயக்கம் தெளிந்த பிறகு கிளம்புங்கள்.

பகலில் தூக்கம் வராதது உங்கள் குற்றம் அல்ல. வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் மூளையில் சுரப்பது அடங்கிவிடும். ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி போடுங்கள். தேநீரை இரவு இரண்டு மணியோடு நிறுத்துங்கள். அதிலுள்ள, தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

நள்ளிரவில் பரோட்டா வேண்டாம். அந்த நேரத்தில் உணவிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையைக் கையாளும் திறன் உடலுக்குக் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே உடலின் இரவு-பகல் ஒழுங்கைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

ஷிப்டைக் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். தலைகீழ் வரிசையைவிட உடல் இதற்கு எளிதில் பழகும். தனியாகப் போகாமல் நான்கு பேராகப் போய்க் கேளுங்கள்.