வாசகர் கேள்வி: சிரிப்பைக் கெடுக்கும் பின்னணி இசை

கேள்வி: காதல் காமெடி குறும்படம் எடுத்திருக்கிறோம். இசை இல்லாமல் பார்த்தபோது சிரித்தவர்கள், பின்னணி இசை சேர்த்த பிறகு சிரிக்கவில்லை. ஏன்?

பதில்: வசனத்துக்கு முன்பே இசை சிரித்துவிடுகிறது, அதனால்தான். துள்ளலான பிட்சிகாட்டோ (வயலின் தந்தியை விரலால் சுண்டி வாசிப்பது) கேட்டதுமே ‘ஜோக் வரப்போகிறது’ என்று ரசிகர் உஷாராகிவிடுவார். பஞ்ச் வசனத்துக்கு அரை விநாடி முன்பே, அதாவது விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 12 ஃபிரேம் முன்பே, இசையைச் சட்டென்று நிறுத்துங்கள். எதிராளி திருதிருவென முழிக்கும் ரியாக்‌ஷன் ஷாட்டும் மௌனமாகவே போகட்டும். அது முடிந்ததும் இசை திரும்பலாம்.

நாயகன் ஓடும் காட்சிக்கு 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) வேகம் வசதி: 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு விழும். ஷாட் மாறும் ‘கட்’ எல்லாவற்றையும் தட்டின்மேல் வைத்தால் விளம்பரப்படம் மாதிரி ஆகிவிடும். சிலவற்றை 2, 3 ஃபிரேம் தள்ளி வையுங்கள்.

காதலுக்கான தீம் மெட்டை முதல் சந்திப்பிலேயே ஒற்றைக் கிடாரில் நாலைந்து ஸ்வரமாகக் காட்டிவிடுங்கள். சண்டையில் அது பாதியில் அறுபடட்டும். முழு ஸ்ட்ரிங்ஸ் (வயலின் போன்ற தந்தி வாத்தியக் குழு), காதலர்கள் சேரும் இடத்தில் மட்டும். (முதல் பார்வைக்கே நாற்பது வயலினா? பாவம், கிளைமாக்ஸுக்கு என்ன மிஞ்சும்!)

வசனத் தெளிவு பெரும்பாலும் 1,000–4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இருக்கிறது. அங்கே புல்லாங்குழல் மெட்டை ஓட்டினால் பேச்சு மங்கும், வயலினைவிடக் கனத்த ஒலி தரும் செல்லோ தேவலை.