கப்பலில் டிப்ஸும் வேட்டியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜூலையில் மகன் குடும்பத்தோடு சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பலில் போய்வந்தோம். பனிமலைகளை இந்தக் கண்ணால் பார்த்தாயிற்று. ஆனால் இரண்டு விஷயங்கள் மனதை உறுத்துகின்றன. கடைசி நாள் வந்த பில்லில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 17 டாலர் வீதம் நான்கு பேருக்கு 476 டாலர் டிப்ஸ் என்று போட்டிருந்தார்கள். 'கேட்காமலே எப்படிப் போடலாம்?' என்று மகன் கவுண்டருக்குப் போய் எடுத்துவிடச் சொன்னான். எடுத்துவிட்டார்கள். எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட பையன் மறுநாள் காலையிலும் சிரித்த முகத்தோடு பெட்டியைத் தூக்கிவைத்தான். என்னால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இன்னொன்று, விருந்து இரவில் என் மனைவி பட்டுப்புடவை கட்டினாள். நான் வேட்டி கட்டுகிறேன் என்றேன், மகன் விடவில்லை. அடுத்த ஆண்டு லண்டனில் இருக்கும் மகள் குயின் மேரி 2 கப்பலில் நியூயார்க் போகலாம் என்கிறாள். அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல முடியுமா?

ரா., கோயம்புத்தூர்

அன்புள்ள ரா.,

உங்கள் மனம் உறுத்தியது சரிதான். டிப்ஸ் என்ற பெயரில் அந்தக் கப்பல்கள் நம்மிடம் வாங்குவது சிப்பந்திகளின் சம்பளத்தில் ஒரு பகுதி. இது தெரியாமல்தான் உங்கள் மகன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சம்பளம் ஏன் டிப்ஸை நம்பியிருக்கிறது என்று புரிய, கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் கப்பல் வழியில் கனடாவின் விக்டோரியாவில், பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ, சில மணி நேரம் நின்றிருக்கும். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது முணுமுணுத்திருப்பார்கள். அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை வேறொரு நாட்டைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றிக் காட்டிவிட்டு இறக்க முடியாது. அதற்காகத்தான் விக்டோரியா. நிறுவனம் அமெரிக்காவில் இருக்கும், பயணிகளும் அமெரிக்கர்களாக இருப்பார்கள். கப்பல் மட்டும் பஹாமாஸிலோ பனாமாவிலோ பெர்முடாவிலோ மால்டாவிலோ பதிவாகியிருக்கும். வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் வேலை செய்பவருக்கு அமெரிக்கக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. ஹவாய்த் தீவுகளைச் சுற்றுகிற 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' என்ற கப்பலில் அமெரிக்கக் கொடி பறக்கிறது, வேலை செய்பவர்களும் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அதனால் அது எந்த வெளிநாட்டையும் தொடத் தேவையில்லை. கடலில் ஓடும் பெரிய உல்லாசக் கப்பல்களில் அப்படி இருப்பது அது ஒன்றுதான்.

மற்றவற்றில் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், வார விடுமுறை இல்லாமல் உழைக்கிறார்கள். நம் நாட்டில் கோவாக்காரர்கள் இந்த வேலைக்குத் தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் வகுத்த குறைந்தபட்ச ஓய்வு, 24 மணி நேரத்தில் 10 மணி நேரம். அதையும் இரண்டு துண்டாகப் பிரிக்கலாம், ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருந்தால் போதும். அப்படியானால் அந்தப் பையன் தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் கடைசி இரவில் கேபினுக்குச் சின்னக் கவர்கள் வரும். அறைச் சிப்பந்திக்கு ஒன்று, பரிமாறுபவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளுக்கு ஒன்று. பணத்தை வைத்து நாமே கையில் கொடுப்போம். இப்போது அது பில்லில் ஏறிவிட்டது. பல நிறுவனங்களில் இந்தத் தொகை சலவை அறை, சமையலறை என்று நம் கண்ணில் படாதவர்களுக்கும் பிரிந்து போகிறது. 'பில்லில் எடுத்துவிட்டுக் கையில் கொடுத்துவிடுவேன்' என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில கப்பல்களில் அப்படி எடுத்த பயணி கையில் கொடுக்கும் காசையும் சிப்பந்தி பொதுக்கணக்கில் ஒப்படைத்தாக வேண்டும். பில்லில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, மனதுக்குப் பிடித்தவருக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள். அப்புறம், பாரில் நீட்டும் சீட்டைக் கவனியுங்கள். 18 அல்லது 20 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதற்குக் கீழே இன்னொரு கோடும் காலியாக இருக்கும். அதை நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

டிப்ஸைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற உயர்தரக் கப்பல்களில் அப்படித்தான். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸும் 2019ல் தனி டிப்ஸை நிறுத்திவிட்டது. நீங்கள் டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். கடைசி நாள் கவுண்டரில் நின்று வாதாடும் நிலையே வராது.

வேட்டிக்கு வருகிறேன். தாராளமாகக் கட்டுங்கள். குயின் மேரி 2ல் காலா இரவு எனப்படும் விருந்து இரவுகளில் கறுப்பு கோட்டும் போ டையும் போட்டவர்கள்தான் அதிகம். ஆனால் முறையான தேசிய உடையையும் அந்தக் கப்பலை நடத்தும் குனார்ட் நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. 2018ல் நானும் மனைவியும் அதில் சௌதாம்ப்டனிலிருந்து நியூயார்க் போனோம். முதல் காலா இரவில் ஜரிகை வேட்டியும் சட்டையுமாக லிஃப்டில் நுழைந்தேன். உள்ளே எழுபது வயதைத் தாண்டிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கில்ட் என்னும் கட்டம்போட்ட பாவாடை போன்ற உடையில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அறைச் சாவியை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டார். இடுப்பு மடிப்பிலிருந்து சாவி அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் முன்னால் தொங்கிய தோல் பையைத் திறந்து தன் அட்டையைக் காட்டினார். பக்கத்தில் ஒரு வெள்ளிக் குடுவையும் ஒரு கால்குலேட்டரும் இருந்தன. கால்குலேட்டர் எதற்கு என்றேன். பில்லைச் சரிபார்க்கவாம். இரண்டு மாடிகள் ஏறுவதற்குள் நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம். மறுநாள் மேல்தளத்தில் நாய்க்கூண்டுகள் இருக்கும் பகுதிக்கு அழைத்துப்போனார். நாய்களின் வசதிக்காக அங்கே பிரிட்டிஷ் விளக்குக் கம்பம் ஒன்றும் நியூயார்க் தீயணைப்புக் குழாய் ஒன்றும் நட்டிருக்கிறார்கள். எந்த நாட்டு நாய்க்கு எது பிடிக்கிறது என்று மூன்று நாளாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார் மனிதர்!

மற்றபடி நடந்துகொள்ளும் முறையில் பயப்பட ஒன்றுமில்லை. காலை ஆறு மணிக்கே நீச்சல்குளத்து நாற்காலியில் துண்டைப் போட்டு இடம்பிடித்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சைவ உணவு வேண்டுமென்றால் முந்தைய இரவே மேற்பார்வையாளரிடம் சொல்லிவையுங்கள், நிதானமாகச் செய்து தருவார்கள்.

ஆனால் ஒன்றைச் செய்யத் தவறாதீர்கள். சிப்பந்தியைப் பெயர் சொல்லி அழையுங்கள். அமெரிக்காவில் புல்மன் நிறுவனத்தின் ரயில் பெட்டிகளில் கறுப்பினத்தவர்கள் போர்ட்டர்களாக இருந்தார்கள். குறைந்த சம்பளம், மீதிக்கு டிப்ஸ்தான். முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன் என்பதால் பயணிகள் எல்லாப் போர்ட்டரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். 1925ல் போர்ட்டர்கள் சங்கம் அமைத்தார்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைக்கு வர 1937 ஆயிற்று. ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சம்பளம், வேலை நேரம் இவற்றுக்காகப் போராடியவர்களுக்குச் சொந்தப் பெயரில் அழைக்கப்படுவதும் ஒரு கோரிக்கையாகவே இருந்தது. கப்பலில் எல்லோருடைய சட்டையிலும் பெயர்ப்பட்டை இருக்கிறது. அதைப் படிக்க ஒரு நொடி போதும்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். பயணம் முடிந்ததும் கருத்து கேட்டு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும், மகனிடம் தேடித் தரச் சொல்லுங்கள். அதில் பயணிகள் பெயர் குறிப்பிட்டுப் பாராட்டுவது சிப்பந்திகளின் அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் உதவும். உங்கள் கடிதத்தில் அந்தப் பையனின் பெயர் இல்லை. மனைவிக்கு நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். எழுதும்போது கேபின் எண்ணையும் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய கப்பலில் அதே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள்.